ஆடிட்டர் போட்ட விலை

போர்வெல் வண்டித் தொழிலிலிருந்து என்னைக் கழற்றிவிடப் பார்த்தார் என் பார்ட்னர் பூபதி. திருச்செங்கோட்டு ஆபீசில் பேலன்ஸ் ஷீட்டை என் பக்கம் தள்ளினார்.

"தேய்மானம் போக வண்டியோட மதிப்பு நாலு லட்சந்தானுங்க, சரிதா. உங்க பாதிக்கு ரெண்டு லட்சம். வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே அந்த வண்டி, நேற்று ராசிபுரத்தில் துளை போட்ட சேற்றோடு, அடுத்த வேலைக்கு டீசல் நிரப்பி நின்றது. விற்றால் முப்பது லட்சத்துக்குக் குறையாது என்பது இருவருக்குமே தெரியும்.

"இதுதான் நாயமான விலைங்களா?"

"ஆடிட்டர் போட்டதுங்க. ஒரு ரூவா கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது."

செக் புத்தகத்தை எடுத்து, ரெண்டு லட்சம் எழுதி, கிழித்து அவர் முன்னால் வைத்தேன்.

"அப்ப உங்க பாதிய நானே எடுத்துக்கறனுங்க. சாவியக் குடுங்க."