மிச்சமிருந்த ஒரு கருவி

சுறா ஆராய்ச்சிக்காக மூன்று கருவிகளோடு இந்தப் பருவத்தைத் தொடங்கியவளிடம் இப்போது ஒன்றுதான் இருந்தது. சுறாவின் முதுகுத் துடுப்பில் கட்டிவிட்டால், முப்பது நாள் அது நீந்தும் ஆழத்தைப் பதிந்துகொண்டு, தானே கழன்று மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும். முதல் சுறா கருவியோடு கடலில் விட்ட அன்றே செத்தது. இரண்டாவதன் கருவி முப்பது நாள் கடந்தும் பேசவே இல்லை. இந்தக் கடலடி மேட்டை விட்டு இந்தச் சுறாக்கள் நகர்வதில்லை என்று காட்டினால்தான் இங்கே தூண்டில் போடத் தடை வரும்.

படகை ஓட்டியவர் அக்காவின் கணவர்.

"நீ கட்டுற ஒவ்வொரு டப்பாவும் என் வயித்துல அடிக்குது. உங்க அக்கா வாய்க்கு பயந்துதான் உன்னை ஏத்தினேன்," என்றார்.

"தெரியும் அத்தான். அவ கிட்ட சொல்லிடவா?"

காலை பத்து மணிக்கு, எழுநூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த தூண்டிலில் ஒரு பெண் சுறா உயிரோடு இருந்தது. உள்ளங்கை நிறையும் பச்சைக் கண். வயிறு உப்பியிருந்தது. இந்த இனம் இரண்டு ஆண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும்.

"தொட்டில விடுங்க. ஈரத்துணியால அதோட கண்ணை மூடுங்க. தண்ணி ஜில்லுனு இருக்கணும்," என்று சொல்லிவிட்டு, கருவியைத் தயார் செய்ய அறைக்குள் ஓடினாள். கணினி இரண்டு முறை நின்றுபோனது. அரை மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது தொட்டி முழுக்க ஐஸ். அத்தான் மண்வெட்டியோடு வியர்த்து நின்றார்.

"எப்படி? சூரை மீனுக்குக்கூட இவ்வளவு போட்டதில்ல."

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. படகின் ஐஸ் நல்ல தண்ணீரில் செய்தது; கடல் சுறாவின் செவுளுக்கு அது விஷம். கடல்நீரை உறையவைத்த பாட்டில்கள் சமையல்காரரின் உறைபெட்டியில் அடுக்கியபடி இருந்தன. முதல் இரண்டு முறையும் அவளே எடுத்துப் போட்டிருந்தாள். அதனால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

செவுள் ஒரு தடவை திறந்தது. பிறகு திறக்கவில்லை.

சமையல்காரர் மெல்லக் கேட்டார். "டாக்டரம்மா, ஈரலையாவது எடுத்துக்கலாமா? எண்ணெய்க்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

"வாயை மூடுய்யா," என்றார் அத்தான்.

அவரே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அந்த டப்பாவை இதுல கட்டி இறக்கிடு. கீழ போய் கிடக்கும். இங்கயே இருக்குன்னு மிஷின் சொல்லும். உனக்கு வேண்டியது அதானே?"

"தடை வந்தா உங்களுக்கு இந்த மேடு போயிடும் அத்தான்."

"போகட்டும். கொன்னது நான்தானே."

"நான்," என்றாள். "பாட்டில் இருக்குன்னு சொல்லல."

கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். சுறாவின் வயிற்றைக் கீறினாள். குட்டி அவள் முழங்கை நீளம் இருந்தது. மஞ்சள்கருப் பை வற்றியிருந்தது; பிறக்கத் தயாரான குட்டி. செவுள் அசைந்தது. அந்தச் சின்னத் துடுப்பில் கருவி நிற்காது. கடலடியில் தட்டினால் திறக்கும் கூடையில், உறைந்த பாட்டில்களையெல்லாம் உடைத்து அந்தக் கடல்நீர் ஐஸோடு அதை வைத்தாள். அத்தானே கயிறு இறக்கும் வின்ச்சைப் பிடித்தார். மீட்டர் எண்கள் ஓடின: நூறு, முந்நூறு, எழுநூறு.

கூடை காலியாகத் திரும்பியது. உயிரோடு போனதும் பிணமாக விழுந்ததும் கூடைக்கு ஒன்றுதான்.

"பொழைக்குமா?"

"தெரியாது அத்தான்."

அவள் படிவத்தில் எழுதினாள்: தொட்டியில் இறந்தது. நல்ல தண்ணீர் ஐஸ். என் அஜாக்கிரதை. கருவி பொருத்தப்படவில்லை. தடையை எதிர்ப்பவர்கள் கூட்டத்தில் இதைத்தான் முதலில் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அத்தான் எட்டிப் படித்தார். இஞ்சினைக் கிளப்பினார்.

"எங்க?"

"அடுத்த தூண்டில். இருநூறு கொக்கி இன்னும் கீழ இருக்கு. இழுக்காம விட்டா மட்டும் கொக்கி மீனை விட்டுடுமா?"

மேடு படகின் கீழேதான் இருந்தது. அவள் உறைபெட்டியைத் திறந்து வைத்து, வேறு காலிப் பாட்டில்களில் ஒவ்வொன்றாகக் கடல்நீரை நிரப்பத் தொடங்கினாள். உறைய எட்டு மணி நேரம் ஆகும். தூண்டில் இன்னும் ஒரு மணி நேரத்தில் மேலே வந்துவிடும்.