இருபது மில்லி

அந்தத் தொழிற்சாலையில் குழாய் பொருத்தும் ஃபிட்டரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லி என்றுதான் சொல்வார்கள். குடிப்பழக்கத்தால் வந்த பட்டம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மனிதர் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் வந்த பெயர்.

விபத்து நடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. புதிய நீராவிக் குழாயை முதல்முறை சூடேற்றிப் பார்த்தபோது, அது பம்ப்போடு சேரும் இடத்தில் போல்ட்டு போட்ட இணைப்பு வாய் பிளந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெல்டரின் இரண்டு கைகளும் வெந்துபோயின. வெல்டரும் மில்லியும் பதினெட்டு வருஷக் கூட்டாளிகள். மில்லிக்கு அழுகை வரவில்லை. நேரத்துக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. வாய்விட்டு அழுதுவிடுங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அழுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மருத்துவமனைக்குப் போனபோது வெல்டரின் கைகள் முழங்கைவரை துணியில் சுற்றித் தலையணைமேல் கிடந்தன. இனி வெல்டிங் கம்பியைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டிராயிங் தப்பாம்," என்றார் வெல்டர். "உன் மச்சினி போட்டதாமே. நீ வெட்டினதுல தப்பு வராது, அது எனக்குத் தெரியும்."

மில்லி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ஏன் ஆட்டினோம் என்று படி இறங்கும்போது யோசித்தார். 

டிராயிங் போட்டவள் மனைவியின் தங்கை. மூன்று வருஷத்துக்கு முன் அதே தொழிற்சாலையின் டிசைன் ஆபீஸில் எஞ்சினியராகச் சேர்ந்தவள். ஆபீஸுக்கும் சைட்டுக்கும் என்றுமே ஏழாம் பொருத்தம். ஏசி அறையில் இருப்பவனுக்குக் குழாய் வெறும் கோடு, சுமக்கிறவனுக்குத்தான் இடுப்பு விட்டுப்போகிறது என்று சைட்டுக்காரர்கள் பாடுவார்கள். சைட்டுக்காரன் டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பான் என்பது ஆபீஸ்காரர்களின் பல்லவி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதுதான் சங்கடம்.

மச்சினியின் முதல் டிராயிங்கில் குழாய் ஓர் இரும்புத் தூணின் வயிற்றைக் குத்திக்கொண்டு போனது. முறைப்படி, சைட்டில் எதை மாற்றினாலும் டிராயிங்கில் சிவப்பு மையால் குறித்து ஆபீஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் சேர்ந்த மாதமே பெண்ணின் மானம் கப்பலேறும். மில்லி சத்தமில்லாமல் குழாயைத் தூணைச் சுற்றிக் கொண்டுபோனார். டிராயிங்கில் 'இதில் உள்ளபடியே முடிந்தது' என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வந்தவற்றில் பலவற்றிலும் அதே கதை. பாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆபீஸ் செய்த தப்பை ஆபீஸுக்கே தெரியாமல் சரிக்கட்டும் மிதப்பும் அதில் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

பன்னிரண்டாவது டிராயிங்தான் ஆவிக் குழாய். கடைசித் துண்டின் நீளம் 1180 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாள். மில்லி டேப் வைத்து அளந்தார். இடைவெளி 1200 இருந்தது. இந்தப் பெண்ணுக்குக் கழித்தல்கூட வரவில்லையே என்று தனக்குள் சிரித்துக்கொண்டு 1200-க்கே வெட்டினார். துண்டை வைத்துப் பார்த்த வெல்டர், வெண்ணெய் மாதிரி உட்கார்ந்துவிட்டது என்று மெச்சினார்.

அந்த இருபது மில்லி கழித்தல் தப்பல்ல. சூடானால் குழாய் நீளும். அதற்காக வேண்டுமென்றே குட்டையாக வெட்டி, குளிர்ந்திருக்கும்போது செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி போட்டு இழுத்துச் சேர்க்கச் சொல்லியிருந்தாள். ஆவி வந்ததும் குழாய் நீண்டு, யாரையும் தள்ளாமல் சும்மா நிற்கும். முழு நீளத்துக்கு வெட்டிய குழாய் நீள இடமில்லாமல் பம்ப்பைத் தள்ளியது. விளக்கம் இரண்டாம் தாளில் இருந்தது. இரண்டாம் தாள் பார்க்கவும் என்று முதல் தாளின் மூலையில் எழுதியும் இருந்தது. மில்லி அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தது விபத்துக்கு மறுநாள்தான்.

ஒரு போன் பேசியிருக்கலாம். ஆபீஸுக்குப் போன் பேசுவது அவர் வழக்கமில்லை.

சூடு போகாமலிருக்கக் குழாயைப் பஞ்சும் தகடும் சுற்றி மூடியிருந்தார்கள். காகிதத்தில் அது இன்னும் 1180தான், மில்லியின் கையெழுத்தோடு. மில்லி கையெழுத்துப் போட்டதை யார் பிரித்து அளக்கப் போகிறார்கள்?

ஏழாம் நாள் மதியம் மச்சினி சைட் கொட்டகைக்கு வந்தாள். கையில் டிராயிங் கட்டு. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெல்டரின் ஹெல்மெட் ஆணியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணக்குத் தப்பு என்று நாளைக் காலை விசாரணையில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். எழுதிக் கொடுத்தால் இனி அவள் எந்த டிராயிங்கிலும் கையெழுத்துப் போட முடியாது.

"நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன் மாமா. எங்க தப்புன்னே தெரியல," என்றாள். "தெரியாமயே எழுதிக் குடுக்கப் போறேன். அவர் கை போயிடுச்சே."



அவள் கட்டைப் பிரித்தாள். "இதுக்கு முன்னாடி பதினொண்ணு போட்டிருக்கேன். ஒண்ணுலகூட சிவப்பு மை இல்ல. அதெல்லாம் சரியா இருந்துச்சுதானே மாமா? அதை மட்டும் உங்க வாயால சொல்லிடுங்க, போதும்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் அதை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவருக்கும் ஒரு கேடும் வராது. மில்லி அவள் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். பதினொன்றிலும் அவருடைய அழகான நீலக் கையெழுத்து.

"அதுல ஏழு தப்பு," என்றார். கட்டிலிருந்த பன்னிரண்டாவதைத் தொட்டார். "இதுதான் சரி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை, திட்டவும் இல்லை. பையில் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்தையும் எழுதுங்க," என்றாள்.

தப்பான ஏழையும் மில்லி நினைவிலிருந்தே எழுதினார். தூண் எங்கே, வளைவு எத்தனை, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினார், ஒன்றும் மறக்கவில்லை. கை மரமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னபடி ஓடியது. பன்னிரண்டாவதை விரித்து 1180-ஐ அடித்துவிட்டு 1200 என்று எழுதினார். இரண்டு சைபர்களும் கோணலாக விழுந்தன. அவள் தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.