முதல் அகப்பை

"டமார்!"

ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்த அந்தச் சத்தத்தில், வேடங்காட்டூர் பௌத்த சங்கத்துக் கட்டடத்தின் ஓட்டுக்கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே வீச்சில் கிளம்பின.

"குண்டு! ஜப்பான்காரன் குண்டு! எல்லாரும் குப்புறப் படுங்க!" என்று தீர்த்தகிரி கத்தினார். கத்தியதோடு நில்லாமல், கழுத்தில் தொங்கிய விசிலையும் எடுத்து ஊதினார்.

சங்கத்தின் காரியதரிசி அவர். யுத்தம் வந்த பிறகு சேலத்துக்குப் போய் ஏ.ஆர்.பி. என்ற குண்டுவீச்சுத் தற்காப்புப் படையில் தொண்டராகப் பெயர் கொடுத்து, விசிலும் கைப்பட்டையும் வாங்கி வந்திருந்தார். குண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சங்கத்து இராப்பள்ளியில் ஊருக்கே பாடம் நடத்தியிருந்தார். பாடம் வீண் போகவில்லை. வைகாசிப் பௌர்ணமிக்காகச் சலவை வேட்டியும் புதுச் சேலையுமாக நின்றிருந்த அத்தனை பேரும் வாய்க்காலில் குதித்துக் குப்புறப் படுத்துவிட்டார்கள். நல்லவேளை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. சேறு மட்டுந்தான் இருந்தது.

படுக்காதவள் ஒருத்திதான். கோட்டை அடுப்பின் முன்னால் நின்று, சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த கந்தம்மாள்.

"அடி கந்தம்மா! படு புள்ள!" என்று வாய்க்காலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள் ராமாத்தாள். அவள் சங்கத்துத் தலைவரின் மனைவி.

"நான் படுத்தா சோறு அடிப்பிடிச்சுருமுங்க அக்கா. ரங்கூன்ல நெசக் குண்டையே பாத்தவ நானு. அது விழறதுக்கு முன்னால ஊளையிடும். இது சும்மா ஏப்பம் உட்ட மாதிரியில்ல இருக்குது!"

அவள் சொன்னதுதான் சரி. சற்றைக்கெல்லாம் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த வியாபாரி ஒருவர், வாய்க்காலில் ஊரே படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பிரேக் போட்டார்.

"ஏனுங்க, இங்க என்ன வேண்டுதலுங்களா? உருளுதண்டமா?"

"குண்டு விழுந்துச்சே, கேக்கலையா?" என்றார் தீர்த்தகிரி, தலையைத் தூக்காமலே.

"குண்டுமில்ல, மண்ணுமில்ல. பெட்ரோலு இல்லாம கரி அடுப்புல ஓடுற ஓமலூர் பஸ்ஸுல அடுப்பு மூடி வெடிச்சுப் பறந்துருச்சு. ஏரிக்கரை மதகுகிட்ட நிக்குது. உள்ளார ஒரு மொட்டைச் சாமியாரு, மஞ்சத்துணி போட்டுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் கரியா..."

அவர் முடிக்கவில்லை. வாய்க்காலிலிருந்து ஊரே எழுந்துவிட்டது.

"பிக்கு! நம்ம பிக்கு!"

சங்கம் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகியும், வேடங்காட்டூரில் ஒரு பிக்குவின் கால் பட்டதில்லை. பௌர்ணமிதோறும் கூடுவார்கள், பஞ்சசீலம் சொல்வார்கள், படத்துக்குப் பூப் போடுவார்கள். காவி உடுத்த பிக்குவைக் கண்ணால் பார்த்தவர்கள் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பி வந்த கந்தம்மாளும் அவள் புருஷன் வீரபாகுவுந்தான். இந்த வருஷம் பெங்களூரில் தங்கியிருந்த சிங்களத்துப் பிக்கு விமலசீலர் வருவதாக ஒப்புக்கொண்டார். அரிசிக்கு அலையும் காலம். ஆனாலும் வீட்டுக்கு ஒரு பிடி என்று தை மாதத்திலிருந்தே ஒதுக்கி வைத்து, அன்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வெல்லப் பாயசமும் தயாராகியிருந்தன.

பிக்குவின் பாத்திரத்தில் முதல் அகப்பைச் சோறு போடுவது யார் என்பதில் மட்டும் ஒரு மாதச் சண்டை. தலைவர் வீட்டுக்குத்தான் அந்த உரிமை என்று ராமாத்தாள் சொன்னாள். கந்தம்மாள் விடவில்லை. மற்ற எதிலும் முன்னால் வந்து நிற்காதவள், இதில் மட்டும் மல்லுக்கு நின்றாள். ஏன் என்று கேட்டால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கடைசியில் ராமாத்தாளே, "போய்த் தொலை, நீயே போடு. ஆனா வருசம் முழுக்கச் சங்கத்து முத்தத்தைக் கூட்டிப் பெருக்கறது நீதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். கந்தம்மாள் அன்றைக்கே விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

இப்போது அந்த அகப்பைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. காரணம், சங்கத்துக் கூடத்தில் தொங்கிய கடிகாரம்.

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல பிக்கு சாப்பிட மாட்டாரு. அப்புறம் மறுநாள் காலையிலதான். விதி!" என்று தீர்த்தகிரி முன்பே படித்துச் சொல்லியிருந்தார். அதை அவர் முதன்முதலாகப் படித்த பௌர்ணமியன்று, கேட்டுக்கொண்டிருந்த கந்தம்மாள் திடீரென்று எழுந்து வெளியே போய்க் கிணற்றடியில் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலைவலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தீர்த்தகிரி சேற்று வேட்டியோடு கூடத்துக்குள் ஓடிப் பார்த்துவிட்டு, வெளியே வந்தார். "பெரிய முள்ளு ஏறிக்கிட்டே இருக்குது. அவரு வந்து சேர்றதுக்குள்ள பன்னெண்டு அடிச்சுரும்!"

"அவரு வரலீன்னா சோறு அவருகிட்டப் போவட்டும்!" என்றாள் கந்தம்மாள். "ஏனுங்க, வண்டியப் பூட்டுங்க!"

வீரபாகு வண்டியைப் பூட்டினான். சோற்றுக் குண்டானையும் பருப்புச் சட்டியையும் ஏற்றி, ஒரு கையால் குண்டானையும் மறு கையால் அகப்பையையும் பிடித்துக்கொண்டு கந்தம்மாள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ரோட்டில் பறந்தது. மாடுகளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"மெதுவாங்க! பருப்பு தளும்புது!"

"வெரசாப் போன்னு சொன்னதும் நீதான், மெதுவான்னு சொல்றதும் நீதானா? அரக்கான் மலையில நடந்து வந்தப்பக்கூட நீ இத்தனை அதிகாரம் பண்ணலியே!"

"அங்க எங்கிட்ட அகப்பை இல்லீங்களே!"

மதகடியில் பஸ் புகைந்துகொண்டு நின்றது. பிரயாணிகள் புளியமரத்து நிழலில் குந்தியிருந்தார்கள். கண்டக்டர் சின்னராஜ் வெடித்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த கோழியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். வேடங்காட்டூர்க்காரர்கள் ரோட்டில் நின்று கையைக் காட்டினால் பஸ்ஸை நிறுத்தாமல் போவது அவன் வழக்கம்.

வீரபாகு வண்டியை நிறுத்தினான். "என்ன கண்டக்டரே, எங்க ஊருகிட்ட உங்க பஸ்ஸு நிக்காதே. இன்னிக்கு எப்பிடி?"

"நான் நிறுத்தலீங்க. அதுவா நின்னுக்கிச்சு."

"உனக்கு இல்லாத புத்தி பஸ்ஸுக்கு இருக்குது, பாரு!"

பிரயாணிகள் சிரித்தார்கள். கந்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாமி எங்கீங்க? மஞ்சத்துணிச் சாமி?"

"அவருங்களா? உங்க ஊரைத்தான் கேட்டுக்கிட்டு, ஏரிக்கரை மேலயே குறுக்கால நடந்து போயிட்டாரே!" என்றான் சின்னராஜ்.

சோறு ரோட்டில் வந்தபோது, சாப்பிட வேண்டியவர் கரைமேல் போயிருக்கிறார்! வண்டி வந்த வழியே திரும்பியது. குண்டானின் மூடி வழியாக வந்த ஆவி புளியமர நிழலையெல்லாம் மணக்க வைத்துவிட்டுப் போயிற்று. பிரயாணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டி ஊருக்குள் திரும்பும்போதே கந்தம்மாள் அதைக் கேட்டாள். சங்கத்துக் கடிகாரம் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. அடித்து, அடித்து, ஓய்ந்தது. அவள் கையிலிருந்த அகப்பை மடியில் விழுந்தது.

முற்றத்தில் பிக்கு விமலசீலர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் இருந்த கரியைக் கழுவியும் காதோரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் கறுப்புப் பாத்திரம், காலியாக. சங்கத்தார் போன வருஷம் நட்ட அரசங்கன்றின் அருகில்தான் மரியாதையாக அவருக்கு ஆசனம் போட்டிருந்தார்கள். மரியாதை பெரிதுதான். ஆனால் கன்று முழங்கால் உயரம். நிழல் ஒரு பூனைக்குக்கூடக் காணாது.

"நேரம் தாண்டிருச்சு, கந்தம்மா" என்றார் தீர்த்தகிரி தாழ்ந்த குரலில். "அவரு உள்ள வந்து உக்காந்தாரு, மணியும் அடிச்சுது. நம்ம குடுப்பினை அவ்வளவுதான். இனிமே சோத்தை அவரு கண்ணுல காட்டறதே பாவம். மூடி வையி."

ராமாத்தாள் ஓடிவந்து குண்டானின் மேல் ஒரு துணியைப் போட்டு இறுக்கி மூடினாள். கந்தம்மாள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றாள். கன்னத்தில் நீர் ஓடியது.

பிக்கு எல்லோரையும் பார்த்தார். மூடிய குண்டானைப் பார்த்தார். காலியான பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு புன்னகையோடு, புத்தகம் படித்துக் கற்ற தமிழில் பேசலானார்.

"நெடுந்தூரம் வந்திருக்கிறேன். உங்கள் ஊர் மிகவும் அழகாக இருக்கிறது."

"ஆமாங்க சாமி" என்றார்கள் எல்லோரும்.

"ஏரிக்கரையில் நடப்பது உடம்புக்கு நல்லது. நடந்தால் உடம்பு விழித்துக்கொள்கிறது."

"ஆமாங்க சாமி."

பிக்கு வானத்தைப் பார்த்தார். சங்கத்தாரும் மரியாதைக்காக வானத்தைப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை, "அம்மா, பாயசம் எப்பம்மா?" என்று கேட்டு, வாயில் அடி வாங்கிற்று.

தீர்த்தகிரிக்குப் பிக்குவின் மொட்டைத்தலை வேர்ப்பது பொறுக்கவில்லை. தம் குடையைக் கொண்டுவந்து விரித்து, உச்சி சாய்ந்த வெயிலை மறைக்க வேண்டுமல்லவா என்று, மேற்குப் பக்கமாக நின்று பிடித்தார். பிக்குவுக்கு இன்னும் அதிகமாக வேர்த்தது.

"ஐயா," என்றார் பிக்கு மிகவும் பணிவாக, "குடையை இந்தப் பக்கம் பிடித்தால் நலமாக இருக்கும். வெயில் இங்கிருந்துதான் வருகிறது."

"இந்தப் பக்கம்னா, கிழக்காலயுங்களா சாமி?"

"ஆம். கிழக்கேதான்."

தீர்த்தகிரி கிழக்குப் பக்கம் போய் நின்று பிடித்தார். குடையின் நிழல் மிகச் சரியாகப் பிக்குவின்மேல் விழுந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஆட்டிய தலை நின்றது.

"கிழக்கால வெயிலா?" என்றார் தமக்குத்தாமே. குடைக்கு வெளியே தலையை நீட்டிச் சூரியனைப் பார்த்தார். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சூரியனைப் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவிப் பிக்குவின் தலையில் இறங்கியது.

"ஐயையோ! சர்க்கார் மணி!"

"என்னங்க ஆச்சு?" என்று பதறினாள் ராமாத்தாள்.

"போன ஆவணியில, யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெக்கோணும்னு உத்தரவு வந்துச்சே! தள்ளி வெச்சது நான்தானே! ஸ்டூல் போட்டு ஏறி, இந்தக் கையாலதானே முள்ளைத் திருப்பினேன்! சர்க்காருக்குத்தான் பன்னெண்டு. சூரியனுக்கு இன்னும் உச்சி வரவே இல்ல!"

காட்டுக்குப் போவதற்கும் மாட்டை அவிழ்ப்பதற்கும் சூரியனைப் பார்க்கிற ஊர் அது. கடிகாரம் இராப்பள்ளிக்கும் ஏ.ஆர்.பி.க்கும் மட்டுந்தான். விதியைத் தீர்த்தகிரி 'பன்னிரண்டு மணி' என்று படித்துச் சொன்னதால், அன்று ஒரு நாள் அத்தனை பேரும் சூரியனை விட்டுவிட்டுக் கடிகாரத்தை நம்பியிருந்தார்கள்.

குடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிக்கு குடையை விலக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உணவைக் கேட்டு வாங்குவது எங்களுக்கு ஆகாது. அதனால்தான் வெயிலைப் பற்றி மட்டும் பேசினேன்!"

"அடப்பாவி மனுசா!" என்று தீர்த்தகிரியைப் பார்த்துக் கத்தினாள் ராமாத்தாள். "குண்டுன்னு சொல்லிச் சேத்துல படுக்க வெச்ச, மணின்னு சொல்லிச் சாமியப் பட்டினி போடப் பாத்த! கந்தம்மா, என்னடி நிக்கற? எடு அகப்பைய!"

கந்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குண்டானைத் திறந்தாள். பிக்கு பாத்திரத்தை இரு கையாலும் ஏந்தினார். அவள் போட்டதில் ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. முதல் அகப்பை விழுந்ததும் "சாது! சாது!" என்று ஊரே பௌத்த முறைப்படி வாழ்த்தி முழங்கிற்று. அதன் பிறகு பருப்பு, பொரியல், பாயசம். பிக்கு நிதானமாகச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்தையும் கந்தம்மாள் எண்ணெய் விளக்கைப் பார்ப்பதுபோலக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் முடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது, வாசலில் யாரோ கனைத்தார்கள். கண்டக்டர் சின்னராஜ். அவனுக்குப் பின்னால் பஸ் பிரயாணிகள் அத்தனை பேரும்.

"சேலத்திலிருந்து ஆளு வந்து மூடி போடப் பொழுது சாஞ்சுருமாம்" என்றான் சின்னராஜ், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு. "தண்ணி கிடைக்குமான்னு..."

"தண்ணிக்காக இத்தனை பேரு ஏரியை உட்டுட்டா வந்தீங்க?" என்றான் வீரபாகு. "உக்காருங்க. எலை போடு புள்ள! கண்டக்டருக்கு மட்டும் பாயசம் ரெண்டு தடவை. இனிமே கையைக் காட்டினா நிப்பாட்டோணும்!"

"நிப்பாட்டறனுங்க. சத்தியமா நிப்பாட்டறனுங்க!"

சேற்று வேட்டிகளும் பஸ் பிரயாணிகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இருவர் முதலில் தயங்கினார்கள். பாயசம் வந்ததும் அந்தத் தயக்கத்தையும் காணோம். தீர்த்தகிரி பந்திக்குத் தண்ணீர் ஊற்றினார். யாராவது "மணி என்னங்க?" என்று கேட்டால், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பந்தி முடிகிற சமயம், பிக்கு ராமாத்தாளிடம், "அந்த அம்மாள் ஏன் அழுதார்?" என்று கேட்டார்.

"அவளுங்களா சாமி? ஒரு மாசமா மொதல் அகப்பை எனக்குத்தான்னு எங்கிட்டச் சண்டை போட்டவ. காரணம் கேட்டா வாயத் திறக்க மாட்டா. நீங்களே கேளுங்க."

பிக்கு கந்தம்மாளைப் பார்த்தார். அவள் வெறும் அகப்பையைச் சேலை முந்தியால் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பர்மா மலையில வெயில் உச்சிக்கு ஏறற நேரத்துல, ஒரு சாமி தன்ற பாத்திரத்துல இருந்த சோத்தை அப்பிடியே என்ற கையில கொட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாருங்க, அப்புறமா அவரும் எங்கியாச்சும் சாப்பிட்டிருப்பாருன்னுதானுங்க, இந்தச் சங்கத்துல விதியப் படிக்கக் கேக்கற வரைக்கும் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."