உப்பு போதுமா அக்கா?

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் மதியம் மணி ஒன்றானால் மெஷின்கள் வாயை மூடும், மனுஷர்கள் வாயைத் திறப்பார்கள். துணி மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். சட்டைப் பொத்தானுக்குத் துளை போட்டுக் காஜா எடுப்பவளுக்குப் பேர் காஜா. பெட்டி போடுகிறவளுக்குப் பேர் இஸ்திரி. தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பவள் செக்கிங் அக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காவின் கண் எப்படியோ நாக்கும் அப்படி. அவள் ஒரு வாய் வைத்துச் சொல்லாமல் மற்ற இருவரும் டப்பாவில் கை வைக்க மாட்டார்கள். "இன்னும் ஒரு கொதி விட்டிருக்கணும்", "வெங்காயத்தை அவசரமா வதக்கியிருக்க", "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்பாள். சொன்னால் சொன்னதுதான். இஸ்திரி அதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வாள். காஜாவோ, அடுப்பில் இருப்பதை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்டாள். அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே!

அந்த நாக்குதான் செத்துப் போயிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு, எதைத் தின்றாலும் காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. நாளைக்குச் சரியாகும், அடுத்த வாரம் சரியாகும் என்று பார்த்தாள். ஆகவில்லை. வீட்டில் அவள் தனி ஆள். நாள் முழுக்க அவளிடம் யாராவது ஏதாவது கேட்பதென்றால் அந்த ஒரு மணி நேரத்தில்தான். நாக்கு போச்சு என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதைக் கேட்பார்கள்? அந்தப் பயத்தில் அவள் மூச்சு விடவில்லை.

சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு வாய் எடுத்து மெல்லுவாள். மென்றுகொண்டே சமைத்தவளின் முகத்தைப் பார்ப்பாள். இஸ்திரிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. உப்பு மறந்த அன்றைக்கு டப்பாவைத் திறக்கும்போதே முழிப்பாள். "உப்பு கம்மி" என்பாள் அக்கா. "எப்படிக்கா கண்டுபிடிக்கிற!" என்று வாயைப் பிளப்பாள் இஸ்திரி. அடேயப்பா, இரண்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் காஜாவின் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாய்த்தகராறில் "செத்தாலும் உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், இப்போது தானாகவே "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். காஜாவுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. அக்கா சொல்லிக்கொடுத்த கோழி சூப்பையே வைப்பதென்று முடிவு செய்து, திங்கட்கிழமையிலிருந்து தினமும் வைத்துப் பழகி, டப்பாவில் கொண்டுவந்து மற்ற இருவருக்கும் ஊற்றினாள். அண்ணன் வந்து சாப்பிடும்வரை தான் அதில் வாய் வைப்பதில்லை என்று இருந்தாள்.

திங்கட்கிழமை அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் காஜாவின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் கவலை. "உப்பு பத்தலடி." செவ்வாய்க்கிழமையும் அதே முகம். "இன்னும் கொஞ்சம் போடலாம்." புதன்கிழமை சூப்பைக் குடித்த கையோடு ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்த இஸ்திரி, 'நம்ம நாக்குலதான் ஏதோ கோளாறு' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வியாழன், வெள்ளி, அதே கதை. பாவி மகள் அண்ணனை நினைத்துக் கவலைப்படுகிறாள், சூப்பை நினைத்து அல்ல என்று அக்காவுக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை காஜா டப்பாவை நீட்டினாள். "நாளைக்கு இப்படியே வெச்சுடறேன். உப்பு போதுமாக்கா?"

அக்கா ஒரு மடக்கு குடித்தாள். தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தால், இஸ்திரி சாப்பிடுவதற்கு முன்னாலேயே சொம்பை நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குப் பகீரென்றது. ஐந்து நாளாகத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. 'போதும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தன் மானம் பிழைக்கும். ஆனால் ஒன்பது வருஷம் கழித்து வருகிறவன் முதல் வாயிலேயே துப்புவான். தங்கை வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைப்பான்.

"எனக்குத் தெரியலடி," என்றாள்.

"என்ன தெரியல?"

"உப்பு தெரியல. புளிப்பு, காரம், எதுவுமே தெரியல. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நாக்கு செத்துப்போச்சு. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன்."

காஜா முதலில் சிரித்தாள். பிறகு டப்பாவைப் பிடுங்கி, அந்த வாரத்திலேயே முதல் தடவையாகத் தானே ஒரு வாய் வைத்தாள். வைத்த வேகத்தில் கழிவுத் துணியில் துப்பினாள்.

"ஐயோ! இதையா நாளைக்கு அவனுக்கு ஊத்த இருந்தேன்?"

"நான் புதன்கிழமையே நெனச்சேன்," என்றாள் இஸ்திரி.

"நெனச்சா வாயைத் திறக்க மாட்டியா?"

"அக்கா சொன்னதுக்கு அப்புறம் நான் என்னத்தடி சொல்றது?"

காஜாவின் குரல் எகிறியது. "உன்னைத்தானேக்கா மலை மாதிரி நம்பினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு மாசமா எங்களை முட்டாளாக்கிட்டிருந்திருக்க!" கூடத்தின் அந்தக் கோடியிலிருந்துகூட இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"திட்டுடி. நல்லாத் திட்டு," என்றாள் அக்கா. தலை நிமிரவில்லை. வெட்கத்தில் காது வரைக்கும் எரிந்தது. திங்கட்கிழமையிலிருந்து தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

காஜா மறுபடி திட்ட வாயெடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ரெண்டு மாசமாவா?"

"ம்."

"எதுவுமே தெரியலையா? ஒரு பழம் தின்னாக்கூடவா?"

"தெரியாது."

காஜா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்போ ரெண்டு மாசமா நீ என்னத்தக்கா சாப்பிட்ட?"

இதை யாரும் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "பசிக்குதேன்னு முழுங்கினேன்டி," என்றாள் அக்கா. காஜாவின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள்.