கறுப்புக் கோடு நத்தை

"நான் சொல்றத கொஞ்சம்..."

"இன்னாத்த சொல்லப்போற? படம் என்னுது, பேரு உன்னுது. அச்சுலயே இருக்குதே."

"முழுசா கேளுக்கா, ஆபீஸ்ல..."

"மூணு வருசமா கேட்டுக் கேட்டுத்தானே வரைஞ்சேன்."

தம்பி அருள்சாமி கொண்டுவந்த, அவன் ஆபீஸ் அச்சடித்த புத்தகத்தை ஞானம் மேசைமேல் விரித்துப் போட்டாள். செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் அவள். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் போனதில்லை, கடலைக் கண்ணால் கண்டதில்லை. அருள்சாமிக்குத் தெற்கே ஒரு கடல் ஆராய்ச்சி ஆபீசில் வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குவான். அடியில் பேர் தெரியாத உயிரைப் பார்த்தால் அக்காவுக்குக் கடுதாசி எழுதுவான். அவள் அதை வரைந்து, மாதா கோயில் சாமியாரிடம் இரவல் வாங்கின கடல் புத்தகங்களோடு ஒப்பிட்டு, இன்னதென்று பேர் எழுதி அனுப்புவாள்.

கடைசியாக எழுதினது ஓடில்லாத நத்தை ஒன்றைப் பற்றி. மேலெல்லாம் கறுப்புக் கோடு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம் என்று ஆபீசே குதித்ததாம். ஞானம் பழைய கடுதாசிகளைத் தேடியெடுத்துப் படித்தாள். பத்து ஆள் ஆழத்தில் சிப்பி கையைக் கிழித்தபோது ரத்தம் பாசி நிறத்தில் போயிற்று என்று ஒன்றில் எழுதியிருந்தான். அப்படியானால் அங்கே சிவப்பு சிவப்பாகத் தெரியாது. அந்தக் கோடுகளைச் சிவப்பில் வரைந்து, 'விளக்கு அடிச்சுப் பாரு' என்று எழுதிப்போட்டாள். விளக்கில் சிவப்பேதான். புத்தகத்தில் இருக்கிற பழைய நத்தை.

"கடலே பாக்காத பொம்பள கண்டுபுடிச்சிதுன்னா யாருக்கா நம்புவாங்க?"

"நம்பலையா?"

அருள்சாமி சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"நம்புனாங்க. மொதல்ல உன் பேரத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"படம் போட ஆளு வேணும், உங்க அக்காவ வேலைக்கு வரச் சொல்லுன்னாங்க."

ஞானம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்ப?"

"போன தையில. அக்கா வராது, பேரும் போட வேணாம்னுச்சு, எனக்கே வரைய வரும்னுட்டேன். தண்ணிக்குள்ள முங்கி முங்கிக் காது போவுதுக்கா. இப்ப அந்த வேலைய எனக்கே குடுத்துட்டாங்க. நீ எப்பவும் போல வரைஞ்சு அனுப்பு, வெளிய தெரிய வேணாம். இப்பகூட ஒண்ணு பாத்தேன், குடை மாதிரி, ஓரத்துல..."

"நிறுத்து."

ஞானம் புத்தகத்தை மூடினாள்.

"ஏன் வராதுன்னு அவங்க கேட்டிருப்பாங்களே. என்னப் பத்தி இன்னா சொன்ன, அருளு?"