வடிக்காத தண்ணீர்

மீந்த கூட்டைக் கலைப்பிரியா எருக்குழியில் கவிழ்த்தாள். சாவு விழுந்த வீட்டில் ஆக்கி வைத்தது எதுவும் இருக்கக் கூடாது. பிணம் எடுக்கும்வரை உலையும் வைக்கக் கூடாது. நேற்றுக் கரிநாளுக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்ததெல்லாம் இப்போது குழியில் கிடந்தது: மொச்சையும் பூசணியும் சர்க்கரைவள்ளியும் போட்ட கூட்டு, சேனைக்கிழங்கு வறுவல், வாழைப்பூ வடை. தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மண்வெட்டியால் மண்ணை இழுத்துப் போட்டு மூடினாள். எதற்கு மூடுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் நாற்றம் வரும் என்று சொல்லியிருப்பாள்.

உள்ளே கிடத்தியிருந்தது அவள் மாமனார் விருத்தாசலத்தை. சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸுக்காக விழுப்புரம் போய்வந்துகொண்டிருந்தவர். கூட்டிப்போனது, வராந்தாவில் காத்துக் கிடந்தது எல்லாம் மருமகள்தான். அங்கிருந்த நர்ஸ் முதல் தடவையே எச்சரித்தாள்.

"கறியக் கொறைச்சா மட்டும் பத்தாதும்மா. காய்லயும் பொட்டாசியம் இருக்குது. அது ஏறிடுச்சின்னா நெஞ்சு நின்னுடும். காய நறுக்கி, வேகவெச்சி, தண்ணிய வடிச்சிக் கொட்டிட்டு அப்பறமா தாளிங்க. கெழங்கு, இளநி பக்கமே போவாதீங்க."

காய் வெந்த தண்ணீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவள் கலைப்பிரியா. அவள் அம்மா அதை ரசத்தில் சேர்ப்பாளே தவிர ஒரு சொட்டுக்கூடக் கொட்டமாட்டாள். சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம் இவளுக்குக் கை கூசியது. ஆனாலும் ஊற்றினாள். மிஞ்சிய சக்கையைத் தாளித்து வைத்தாள். "மாட்டுக்கு வெக்கிறத எனக்கு வெக்கிறியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவார் மாமா.

பொங்கல் நெருங்கியது. பொங்கலை ஒட்டி வரும் கரிநாளன்று ஊரே கறி எடுக்கும். வாசம் வந்தால் மாமாவின் நாக்கு சும்மா இருக்காது. அதனால் இந்த வருஷம் வீட்டில் எல்லாருக்குமே சைவம்தான் என்று அவள் முடிவெடுத்தாள். கணவன் செல்வகுமார் சரியென்று தலையாட்டினான். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் வெண்ணிலாதான் போனில் சிரித்தாள்.

"இன்னா அண்ணி, கரிநாளும் அதுவுமா சாம்பாரா? எங்க வூட்டுக்காரரு வழியிலயே பிரியாணி துன்னுட்டு வந்துடுவாரு பாரு."

அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. நாலு நாள் அதே யோசனையாக இருந்தாள். கறி மசாலா அரைத்துப் போட்டு வறுத்தால் சேனைக்கு முன்னால் மீன் நிற்காது. கூட்டுக்குத் தேங்காய் தாராளமாக இருக்க வேண்டும். மாமாவுக்கு மட்டும் கிழங்கு இல்லாமல், தண்ணீர் வடித்து, தனியாக வைப்பதாகத்தான் திட்டம். அடுப்பின் முன் நின்றபோது மனசு மாறிவிட்டது. நல்ல நாளும் பொழுதுமாய் எல்லாரும் ஒரே குண்டானில் சாப்பிட, அவருக்கு மட்டும் கிண்ணத்தில் சக்கையா? ஒரு நாள்தானே. கறியா போடுகிறோம், காய்தானே. இதில் பாதி பாசம். மீதி, வெண்ணிலாவின் புருஷன் எதிரில் மாமா வாயாரப் புகழ வேண்டும் என்ற ஆசை. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

புகழத்தான் செய்தார். "கறிக்கடைக்காரன் பொழப்பக் கெடுத்துட்டியேம்மா!" என்று சொல்லி, கூட்டும் வறுவலும் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர், "பொட்டாசியம் ஏறியிருக்கும். நேத்து எதனா இளநி, பழம் குடுத்தீங்களா?" என்று கேட்டார். செல்வகுமார் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. அப்பாவின் சாப்பாட்டு விஷயம் அவளுக்குத்தானே தெரியும்.

"இல்ல சார். எப்பவும் போலதான்" என்றாள் கலைப்பிரியா.

பிணம் எடுத்ததும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார்கள். ஈரத் தலையோடு வெண்ணிலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஊரே கறி துன்னுது, எங்கப்பாவுக்காக நாக்கக் கட்டிக்கினு சமைச்ச. உன்னப் போயி கேலி பண்ணனே அண்ணி." குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கலைப்பிரியாவுக்கு அது எரிந்தது.

பங்காளி வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் வந்தன. ஆம்பிளைகள் இன்னும் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. மாமியார் ராஜாமணி அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பிரியா, யாருகிட்டயும் சொல்லாத. நான்தான்டி அவரக் கொன்னுட்டேன்."

"இன்னா அத்த சொல்றீங்க?"

"சாயந்திரம் தாகமா இருக்குதுன்னாரு. நீ பின்னால பாத்திரம் கழுவிக்கினு இருந்த. நல்ல நாளாச்சேன்னு ஒரு இளநி வெட்டிக் குடுத்தேன். பாதிதான்டி குடிச்சாரு. டாக்டரு அதத்தான கேட்டாராம்? நீ இத்தினி மாசம் கட்டிக் காப்பாத்தினத நான் ஒரே வாயில கெடுத்துட்டேன்."

கலைப்பிரியாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அரை இளநீர் ஒரு பக்கம், கூட்டும் கிழங்கும் ஒரு பக்கம். எது அவர் நெஞ்சை நிறுத்தியதென்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் இதை அத்தை ஒருத்தியாகச் சுமக்க வேண்டியதில்லை. நானும் தண்ணியை வடிக்கவில்லை அத்தை, கிழங்கும் நான்தான் போட்டேன் என்று சொன்னால் போதும், பாரம் பாதியாகிவிடும். சொன்னால் செல்வகுமார் காதுக்குப் போகும். வெண்ணிலாவுக்கும் தெரியும். நாளை முதல் அந்த வீட்டில் அவளை யார் எப்படிப் பார்ப்பார்கள்?

வெண்ணிலா கதவைத் திறந்து ஒரு தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் போனாள். ராஜாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

"காத்தாலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல உனுக்கு. சாப்புடு."

"அத்த, நான் ஒண்ணு..."

"ஒண்ணும் பேசாத. நீ இல்லன்னா அவரு போன வருசமே போய்ச் சேந்திருப்பாரு. உன்மேல ஒரு கொறையும் இல்லடி."

கலைப்பிரியா மறுபடியும் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ராஜாமணி ஒரு கவளத்தை ஊட்டினாள்.

கலைப்பிரியா மென்றாள். ராஜாமணி அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.