விஷம் கட்டிய வீடு

குரங்கணிக்கு மேலே தங்கபாண்டியின் ஏலத்தோட்டத்தில், ஐப்பசி மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, விஷம் தனக்குத்தானே ஒரு வீடு கட்டிக்கொண்டது. கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை, ஒரு லோடு மணல்கூட மலையேறவில்லை. மருந்து கலக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் காலையில் கணுக்கால் உயரமே இருந்த சுவர், காய் எடுக்கும் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது இடுப்பளவு வந்திருந்தது. சாயங்காலம் ஆட்களை ஊருக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு கிளம்பும் நேரத்தில் கூரையும் மூடிவிட்டது. ஒரு கூடம், இரண்டு அறை, பின்கட்டு. சுவரெல்லாம் பச்சைக் கண்ணாடி நிறம், கை வைத்தால் சில்லென்று இருந்தது. வாசலுக்கு மட்டும் கதவு இல்லை. அன்றைக்கு ஏலக்காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்ததால் போடியில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். வீட்டுச் செய்தி மறுநாள்தான் டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

ஏலச்செடிக்கு அடிப்பதை ஊரில் மருந்து என்பார்கள். நான் விஷம் என்றே எழுதுகிறேன், கோபப்படாமல் இதை எழுத எனக்கு வராது. புழுவுக்கு ஒன்று, பேனுக்கு ஒன்று, அழுகலுக்கு ஒன்று என்று டிரம்மில் கலக்கி, மோட்டார் போட்டு, ஓஸ் பிடித்து அடிப்பது அந்தத் தோட்டத்தில் சிலமலை ஊர்க்காரர் தவசியின் சோலி. முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். ஒரு நாள் உச்சிவெயிலில் அடித்துக்கொண்டிருந்தவர் ஓஸோடு விழுந்தார். வாயில் நுரை தள்ளியது. போடிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. இடுகாட்டுக்கு மாலையோடு வந்த தங்கபாண்டி, குழியை மூடுமுன்பே அத்தனை பேர் காதிலும் விழும்படி, குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தான் பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். தவசி திருவிழாவுக்குக்கூடக் கலர் சோடா தவிர வேறு தொட்டதில்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அதே தோட்டத்துக்கு ஜீப்பேற வேண்டியவர்கள் என்பதால், இருக்கும் இருக்கும் என்று தலையாட்டினார்கள். அவர் பெண்டாட்டி மருதாயியும் வேறு வழியில்லாமல் அடுத்த வாரமே அந்த ஜீப்பில்தான் ஏறினாள். அவள் நஷ்டஈடு கேட்கவில்லை. பொய் சொன்ன அந்த வாய், அதே ஆட்கள் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும், அது போதும் என்றாள். நாலு வருஷம் ஒவ்வொரு சம்பள நாளிலும் கேட்டாள். தங்கபாண்டி ஒவ்வொரு தடவையும் சிரித்தார். அதற்குள் அவளுக்கே கை நடுக்கம் வந்து, கூடையில் போடும் காயில் பாதி தரையில் விழ ஆரம்பித்தது.

மகள் கார்த்திகா மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மூலக்கூறுகளை யாரும் தொடாமல் தாமே கூடி உருவெடுக்க வைப்பது அவள் படிப்பு. அதற்கு ஏற்கெனவே இரண்டு முறைகள் இருந்தன. நீளமான டி.என்.ஏ. இழை ஒன்றை எடுத்து, சின்னச் சின்ன இழைகளால் அங்கங்கே பிடித்து மடிப்பது ஒன்று. நினைத்த வடிவம் இம்மி பிசகாமல் வரும். ஆனால் தலைமுடியின் குறுக்கே ஆயிரம் அடுக்கலாம் என்கிற அளவோடு அது நின்றுவிடும். இன்னொன்று சோப்புத் தண்ணீரில் நடக்கிற சங்கதி. ஒரு முனை தண்ணீரை விரும்பி, மறு முனை வெறுக்கிற மூலக்கூறுகள் தாமே அணிவகுத்துப் பாய் விரித்தாற்போலப் பரவும். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும், ஆனால் ஒழுங்கு கிடையாது. ஒன்றுக்கு வேண்டிய சூடும் உப்பும் மற்றொன்றைக் கெடுக்கும், இரண்டையும் சேர்க்கவே முடியாது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். அப்பா செத்த கோபத்தில் அவள் சேர்த்துவிட்டாள். முதல் முறையில் ஆறு பக்கம் உள்ள கூடுகள் செய்தாள். ஒவ்வொரு கூட்டின் உள்ளளவும் தங்கபாண்டி தோட்டத்து விஷத்தின் ஒரு மூலக்கூறுக்குச் சரியாக இருந்தது. உள்ளே போனால் பூட்டிக்கொள்ளும். இரண்டாம் முறையில் அந்தக் கூடுகள் ஒன்றையொன்று தேடிப்போய் வரிசையில் சேரும்படி செய்தாள். உடம்பில் உள்ள விஷம் தூளாக வெளியேறிவிடும் என்பது அவள் கணக்கு. ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்து, குடிதண்ணீரில் தினம் ஒரு மூடி ஊற்றிக் குடிக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாள்.

மருதாயி சொன்னதைக் கேட்கிற ஆள் இல்லை. தன் உடம்பு விஷம் மட்டும் போய் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். பாட்டிலில் பாதியை சிலமலை இடுகாட்டில் புருஷனைப் புதைத்த இடத்தில் ஊற்றினாள். மீதியை, தோட்டம் முழுக்கத் தண்ணீர் கொடுக்கும் ஓடையில், எல்லோரும் குடம் நிரப்பும் இடத்துக்கு மேலே நின்று கவிழ்த்தாள். மறுவாரம் காய் எடுக்கும் பெண்களின் வியர்வையில் பச்சைத் தூள் வந்தது. முகத்தைத் துடைத்துத் துண்டை உதறினால் தூள் கீழே விழாமல், காற்றுக்கு எதிராகக்கூட, மருந்துக் கொட்டகைப் பக்கம் நகர்ந்தது. மண்ணிலிருந்து வந்தது, தேனடையிலிருந்து வந்தது, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளின் காதிலிருந்து வந்தது. போடிக் கடைகளில் ஏற்கெனவே விற்றுப்போன மூட்டைகளிலிருந்தும் கிளம்பி மலையேறியது. அப்படித்தான் அந்த வீடு எழும்பியது. மருதாயியின் கை நடுக்கம் நின்றது. கார்த்திகா வந்து சுவரில் ஒரு துணுக்கைச் சுரண்டி, மதுரைக்குக் கொண்டுபோய் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். எண்ண முடியாத கூடுகளில் ஒன்றுகூடக் கோணவில்லை. ஒவ்வொன்றிலும் விஷம் அப்படியே பூட்டிக் கிடந்தது.

"இத்தன நுணுக்கமா வரும்னு எனக்கே தெரியாதும்மா. ஆனா கூடத்தையும் ரூமையும் நான் வரையல" என்றாள் கார்த்திகா.

"நீ வரையலேன்னா என்ன ஆத்தா, இருக்கிறது இருக்கட்டும்" என்றாள் மருதாயி.

தவசியின் பங்கு மட்டும் தாமதமாக வந்தது. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு சந்தை நாளில், சிலமலை இடுகாட்டிலிருந்து ஆள் உயரத்தில் பச்சையாக ஒன்று எழுந்து, தார்ச்சாலைக்கு வந்து, போடியைப் பார்த்து நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். பஸ்சுகள் ஒதுங்கி வழிவிட்டன. காய்கறி வாங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நாலு வருஷம் முன்பு இருக்கும் இருக்கும் என்று தலையாட்டியவர்களில் சிலர் அன்றைக்கு அதன் பின்னாலேயே நடந்தார்கள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல். குரங்கணி சோதனைச் சாவடியில் காவலர் அது என்னவென்று கேட்டார். எங்க ஆளுதான், சோலிக்குப் போறாரு என்று பெண்கள் சொன்னதும் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். பொழுது சாயும் முன் அது தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, வாசலில் நின்று, கதவாகிவிட்டது.

கதவு வந்ததும் வீட்டுக்கு மதிப்பு வந்தது. மூணாறு போகிற கூட்டம் இங்கே வந்து தங்கும் என்று மதுரை ஹோட்டல்காரர் ஒருவர் தங்கபாண்டியிடம் ஆசை காட்டினார். அதே வாரத்தில் வனத்துறை ரேஞ்சர் வந்து, எல்லைக்கல் கூடத்துக்கு நடுவில் நிற்கிறது, இது காட்டுக்குச் சொந்தம் என்றார். இருபது வருஷமாகத் தன் தோட்டத்தில் விஷமே இல்லை, ஏதோ கொஞ்சம் வேப்பெண்ணெய் அடிக்கிறோம் என்று சொல்லிவந்த தங்கபாண்டி, எல்லோரையும் வீட்டு முன்னால் கூட்டினார். காய் எடுக்கிற பெண்களையும் சாட்சிக்கு நிறுத்தினார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"நெலம் யாருதா இருந்தா என்னய்யா, கட்டுன சாமான் என்னோடது" என்றார் ரேஞ்சரிடம். "இதுல உள்ள ஒவ்வொரு பொட்டும் நான் வாங்கி, நான் ஆள் விட்டு அடிச்ச மருந்து. இந்தா, தவசி மகளக் கேளுங்க. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்த பிள்ள."

கூட்டத்திலிருந்து மருதாயி முன்னால் வந்தாள். "கதவும் ஒங்களோடதுதானா மொதலாளி?"

"கதவு மட்டும் வானத்துல இருந்தா வந்துச்சு. அதுவும் என்னோடதுதான்."

"அது எம் புருசன் நெஞ்சுக்கூட்டுல இருந்து வந்தது. ஊரே பாத்துச்சு. குடிச்சுச் செத்தாருன்னு சொன்னீக. குடிச்சுத்தான் செத்தாருன்னா கதவ இங்க விட்டுட்டு வெறும் செவுத்த எடுத்துக்கிருங்க."

தங்கபாண்டி கதவைப் பார்த்தார். வீட்டிலேயே கெட்டியானதும் அழகானதும் அதுதான். ஹோட்டல்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, என் மருந்துதான். அதுலதான் செத்தான். இப்ப என்ன? கதவும் என்னோடது."

மருதாயி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில் அழுதாள். நாலு வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு கதவுக்கு ஆசைப்பட்டு எச்சில் துப்புவது போல அதைத் துப்பினானே என்று வயிறு எரிந்தது. எனக்கும் இதை எழுதும்போது எரிகிறது. ரேஞ்சர் மட்டும், மொத்தமும் இவருடையது என்று இவரே சொல்லிவிட்டார், எனக்குப் பேச்சில்லை என்று கிளம்பினார்.

தங்கபாண்டியும் சந்தோஷமாக ஜீப்பேறினார். ஜீப்பு முதல் வளைவு திரும்பியபோது வீடு தரையை விட்டு எழுந்து, ஒரு மரக்கிளையும் முறியாமல் அவர் பின்னாலேயே இறங்கியது. ஒவ்வொரு கூட்டிலும் வெளிப்பக்கம் ஓர் இழையைத் தான் சும்மா விட்டு வைத்திருந்ததாகவும், பொருந்துகிற இடம் கிடைத்தால் அது பிடித்துக்கொள்ளும் என்றும் கார்த்திகா விளக்கினாள். என்னோடது என்று அவர் சொன்னது போதுமாக இருந்திருக்கும் என்பது அவள் கருத்து. அதற்குப் பிறகு அவர் போகிற இடமெல்லாம் வீடும் போகிறது. அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் வீடு நிற்க இடம் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார்கள். தேவாரம் ஊரில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போனபோது தென்னந்தோப்பில் நின்றது. வழக்கமாகத் தோப்புக்கு இறங்கும் யானைகூட அன்று அந்தப் பக்கம் வரவில்லை. ஹோட்டல்காரர் அதோடு போனவர்தான். வேறு தோட்டக்காரர்கள் சிலர் விஷத்தைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நம்புகிறவர்கள் நம்பட்டும். பெண்கள் நம்பவில்லை. அவர்கள் கார்த்திகாவிடம் வாங்கி ஆளுக்கொரு பாட்டில் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறார்கள்.

மற்ற நாட்களில் அது போடியில் அவருடைய பங்களாவுக்கு எதிரே, கதவு அவர் வாசலைப் பார்க்க நிற்கிறது. மருதாயி இப்போது வேறு தோட்டத்துக்குப் போகிறாள், ஆனால் ஜீப்பு அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறது. தினமும் விடியற்காலையில் அங்கே இறங்கி, பச்சைக் கதவில் கை வைத்து, "சோலிக்குப் போயிட்டு வர்றேன்" என்று பங்களாவுக்குள் காப்பி குடிக்கிற தங்கபாண்டிக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஏறுகிறாள். அவள் வரும்வரை ஜீப்பில் இருப்பவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்.